போட்டோ எடுத்த பிறகு என்ன செய்வாய்? அனிமே தலங்களில் எதற்குப் போகலாம்

அக்கா மகன் அலுவலகப் பயிற்சிக்காக டோக்கியோ வருகிறான். இரண்டு வாரம் வேலை, அப்புறம் மூன்று நாள் விடுப்பு. மூன்றாம் நாள் இரவு ஒசாகா பக்கத்தில் இருக்கும் கன்சாய் விமான நிலையத்தில் ஊருக்கு விமானம். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். பதினோரு இடங்கள். கீழே ஒரு வரி: "மாமா, மூணு நாள்ல எல்லாத்தையும் முடிச்சிரலாமா?"

பட்டியலில் ஃபுஜி மலை இல்லை, கியோத்தோவின் தங்கக் கோயில் இல்லை. ஒரு ரயில்வே கேட், ஒரு படிக்கட்டு, ஒரு நூலகம், மூடிப்போன ஒரு பள்ளிக்கூடம் என்று போகிறது. எல்லாம் அவன் பார்த்த அனிமேக்களில், அதாவது ஜப்பானிய அனிமேஷன் படங்களிலும் தொடர்களிலும், வந்த இடங்கள். நான் டோக்கியோவை ஒட்டிய கவாசாகிக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. இந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டான்.

ஜப்பானியர் இதை 'செய்ச்சி ஜுன்ரே' என்கிறார்கள். புனிதத் தல யாத்திரை. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் நமக்கு இது புதிதா என்ன? வயல் நடுவே இருக்கும் சின்னக் கோயிலுக்குக் கூட, சம்பந்தர் வந்து ஒரு பதிகம் பாடிவிட்டுப் போனார் என்றால் 'பாடல் பெற்ற தலம்' என்ற பெருமை வந்துவிடுகிறது. இங்கே காட்சி பெற்ற தலம், அவ்வளவுதான் வித்தியாசம். சைதாமா மாகாணத்தில் வாஷினோமியா என்று ஒரு பழைய கோயில். 2007இல் வந்த 'லக்கி ஸ்டார்' தொடரில் அது தலைகாட்டியது. அதற்கு முன் புத்தாண்டுக்கு ஒரு லட்சம் சொச்சம் பேர் வந்துகொண்டிருந்த கோயிலுக்கு 2008இல் மூன்று லட்சம் பேர் வந்தார்கள். வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகைகளில் அனிமே ஓவியங்களும் நிறைய. 2016இல் இதற்கென்று அனிமே சுற்றுலாச் சங்கமே தொடங்கினார்கள். அவர்கள் வெளியிடும் தலங்களின் எண்ணிக்கை 88. ஷிகோகு தீவில் பௌத்த யாத்திரிகர்கள் சுற்றும் கோயில்கள் 88 என்பதால் அந்தக் கணக்கு.

சரி, மூன்று நாளில் பதினொன்று முடியாது. எதை வைப்பது, எதைத் தள்ளுவது? வழக்கமாக எல்லோரும் செய்வது, எந்த அனிமே ரொம்பப் பிடிக்குமோ அந்த இடத்துக்கு முதலில் போவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலைந்து தடவை ஏமாந்த பிறகு வேறு ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன். அந்தக் காட்சியில் வருவது போலவே ஒரு போட்டோ எடுத்தாயிற்று. அதற்கு ஒரு நிமிடம் போதும். அதன்பின் அந்த ஊரில் என்ன செய்வாய்? இதற்குப் பதில் உள்ள இடம் பிடிக்காத அனிமேயில் வந்ததாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது. பதில் இல்லாத இடம் உயிரான அனிமேயில் வந்ததாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது.

பட்டியலில் முதலில் இருந்தது கடலோர ஊரான கமகுரா. இருக்காதா பின்னே. 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்துக் கதை தொலைக்காட்சித் தொடராக ஓடியது 1993 முதல் 1996 வரை. அதன் தொடக்கப் பாடலில் ரயில்வே கேட் மூடியிருக்கும், பின்னால் கடல் மின்னும், ரயில் குறுக்கே போகும், அந்தப் பக்கம் கதாநாயகி ஹருகோ நின்று கையசைப்பாள். அந்த கேட் இருப்பது எனோடென் என்கிற குட்டி ரயில் பாதையில், கமகுராகோகோமாயே நிலையத்தை அடுத்து. நிலையத்தின் பெயருக்கே 'கமகுரா உயர்நிலைப் பள்ளி முன்பு' என்றுதான் அர்த்தம். மேட்டின் மேல் பள்ளி இருக்கிறது, அதிலிருந்து சரிவாக இறங்கும் தெரு, கீழே தண்டவாளம், அதைத் தாண்டினால் கடலோரச் சாலை, அப்புறம் சகாமி விரிகுடா. வரைந்தது எதுவும் பொய்யில்லை. காட்சிக்கும் நிஜத்துக்கும் இவ்வளவு பொருந்தும் இடம் இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

பிரச்சினையே அதுதான். நான் போனது ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. சரிவுத் தெருவில் எனக்கு முன்னால் அறுபது எழுபது கைகள் தூக்கி நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு போன். டிங் டிங் டிங் என்று கேட் இறங்கத் தொடங்கியதும் ஓரமாக நின்றவர்கள் எல்லோரும் தெரு நடுவுக்கு வந்துவிட்டார்கள். பாதுகாவலர் ஒருவர் மூன்று மொழிகளில் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் வீடு உள்ள யாரோ ஒருவர் காரில் வந்து, ஹாரன் அடிக்க மனமில்லாமல், ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். பச்சையும் மஞ்சளுமாக ரயில் வந்தது, ஐந்து நொடியில் போய்விட்டது. உடனே அறுபது தலையும் குனிந்து போனைப் பார்த்தன. கடலை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

2022 டிசம்பரில் 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படம் வந்தபின் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. சாலையில் நிற்காதீர்கள், தண்டவாளத்தில் இறங்காதீர்கள் என்று பல மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள். ஆளும் போட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் ஆட்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் கேட்டை விட்டுவிட்டு எனோடெனைப் பிடித்துக்கொண்டால் கதை வேறு. 1902இல் ஓடத் தொடங்கிய பாதை. ஃபுஜிசாவாவிலிருந்து கமகுரா வரை மொத்தமே பத்து கிலோமீட்டர், அதற்குள் பதினைந்து நிலையம். எனோஷிமாவுக்கும் கோஷிகோயேவுக்கும் நடுவே ரயில் தெருவில் இறங்கிக் கார்களோடு கார்களாகப் போகும். மீன் கடை வாசல் ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் நகரும். வேறோர் இடத்தில் வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு போகும், கொடியில் காயும் துணி வரைக்கும் தெரியும். நாள் முழுக்க ஏறி இறங்க 800 யென் பாஸ் இருக்கிறது. ஹாசே நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் பெரிய புத்தர். போவதென்றால் வார நாளில், காலை ஏழு மணிக்குள் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். டோக்கியோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அதனால் விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும். பனிக்காலக் காலை என்றால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஃபுஜி மலை தெரிய வாய்ப்பு உண்டு. எட்டு மணிக்கு மேல்தான் படுக்கையை விட்டு எழுவேன் என்கிறவர் இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது நல்லது.

அடுத்து டோக்கியோவுக்குள்ளேயே இருப்பவை. இயக்குநர் மகோதோ ஷின்காய் படங்கள் பார்த்தவர்களுக்கு இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு காட்சி. 2016இல் வந்த 'யுவர் நேம்' கடைசிக் காட்சியின் படிக்கட்டு யோட்சுயா பக்கம், சுகா கோயிலை ஒட்டி. சுரங்க ரயிலில் யோட்சுயா-சான்சோமேயில் இறங்கிப் பத்து நிமிட நடை. சிவப்புக் கைப்பிடி, படத்தில் பார்த்த அதே வளைவு. காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆனால் ஒன்று, அது ஒரு குடியிருப்பு. நான் போனபோது ஒரு பாட்டி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார். கீழே ஒரு பையன், மேலே ஒரு பெண், படத்தில் போலவே கடந்து போய்த் திரும்பிப் பார்ப்பதற்காகத் தயாராக நின்றவர்கள், பாட்டி ஏறி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். பாட்டி நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்றார். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மன்னிப்புக் கேட்கிறார்.

அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் ஷின்ஜுகு க்யோஎன் பூங்கா. ஷின்காயின் 'கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' பெரும்பாலும் இங்கேதான். 2013இல் வந்த, 46 நிமிடமே ஓடும் படம். மழை பெய்யும் காலைகளில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வரும் பையனும், காலையிலேயே பியர் குடித்துக்கொண்டிருக்கும் பெண்ணும் சந்திக்கிற மண்டபம் ஜப்பானியத் தோட்டத்துக் குளத்தருகே இருக்கிறது. நுழைவு 500 யென். பியர் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பூங்காவுக்குள் மதுவுக்கு அனுமதி இல்லை. திங்கட்கிழமையும் போகாதீர்கள். ஊரிலிருந்து வந்த நண்பனை ஒரு திங்கட்கிழமை அழைத்துக்கொண்டு போய், பூட்டிய கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தப்பு என்னுடையதுதான். ஜப்பானில் பூங்கா, அருங்காட்சியகம், நூலகம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் விடுமுறை என்று வந்த முதல் வாரமே சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பூங்காவுக்கு இருக்கும் தனிச் சலுகை, மழை. மற்ற எந்த இடத்துக்குக் கிளம்பினாலும் மழை வந்தால் நாள் பாழ். இங்கே மழை வந்தால்தான் காட்சியே அமையும். ஜூன் மாத மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். பெரும்பாலான நாட்களில் மண்டபத்தில் ஏற்கெனவே நாலு பேர் குடையோடு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் ஒரே காரியத்துக்கு வந்தவர்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். படிக்கட்டு, பூங்கா இரண்டும் சேர்ந்து அரை நாள்தான். அதனால் இவற்றை விடுப்பு நாளில் வைக்கவே கூடாது, பயிற்சி முடிந்த ஏதாவது ஒரு மாலையில் படிக்கட்டை முடித்துவிடு என்று அவனுக்கு எழுதினேன். பூங்கா சீக்கிரம் மூடிவிடும், அதற்கு நடுவில் வரும் ஞாயிறு.

டோக்கியோ காட்சிகளை ஒத்திப்போடவும் கூடாது. ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' 2019 ஜூலையில் வெளியானது. அதில் கூரைமேல் சின்னக் கோயிலோடு வரும் பாழடைந்த கட்டடத்துக்கு மாதிரியான யோயோகி கட்டடத்தை, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

இப்போது பணம் செலவாகும் பேச்சுக்கு வருவோம். ஹிதா-ஃபுருகாவா. கிஃபு மாகாணத்து மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். 'யுவர் நேம்' படத்தில் கதாநாயகன் தாகி, தான் கனவில் வாழ்ந்த ஊரைத் தேடிக்கொண்டு டோக்கியோவிலிருந்து கிளம்பி வருவான் அல்லவா? அவன் இறங்கும் நிலையம் இதுதான். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நகோயா வரை ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கிருந்து 'ஹிதா' விரைவு ரயிலில் தகயாமா வழியாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல். போக மட்டும் 17,000 யென் பக்கம் ஆகும். யென்னுக்கு அறுபது காசு என்று வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் ரூபாய். ஜப்பான் முழுக்கச் சுற்றும் ஏழு நாள் ரயில் பாஸ் எடுத்தால் மிச்சமாகுமே என்று அக்கா மகன் கேட்டான். ஒரு காலத்தில் சரி. 2023 அக்டோபரில் அதன் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆக்கிவிட்டார்கள். மூன்று நாள் ஆசாமிக்கு அது கட்டாது. காசைச் சுருக்க வேண்டுமென்றால் ஷின்ஜுகுவிலிருந்து தகயாமாவுக்குப் பேருந்து இருக்கிறது, ஐந்தரை மணி நேரம்.

இவ்வளவு கொடுத்துப் போய் என்ன கிடைக்கும்? முதலில் அந்த ரயில் காட்சி. நிலையத்து மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தால், நடைமேடையில் நிற்கும் விரைவு ரயில், பின்னால் மலை, அப்படியே சட்டகத்துக்குள் உட்காரும். ரயில் வந்து நிற்கும் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு மேலே ஓட வேண்டும். ஆனால் படத்தில் வரும் அந்த டீசல் ரயில் வண்டி 2023 மார்ச்சோடு இந்தப் பாதையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது ஓடுவது புது வகை. அதே கோணம், அதே மலை, வேறு ரயில். சிலருக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

கதாநாயகி மித்சுஹா வாழும் இடோமோரி என்ற ஊர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. தாகி தன் கையால் வரைந்த ஏரிப் படங்களை வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டி, இந்த ஊர் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டே அலைவான். ரொம்ப நேரம் யாருக்கும் தெரியாது. ஃபுருகாவாவில் நாம் செய்வதும் அதேதான். போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இந்த மூலையா அந்த மூலையா என்று தெருத் தெருவாகப் போய், கடைக்காரரிடம் காட்டிக் கேட்டு, இல்லாத ஒரு ஊரைத் தேடுகிறோம். ஒரு பாத்திரம் செய்ததையே நாமும் செய்ய நேர்கிற தலம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கமகுராவில் போஸ் கொடுக்கலாம், தேட முடியாது.

தாகி செய்தித் தொகுப்புகளைப் புரட்டும் நூலகம் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம். ஹிதா நகர நூலகம். மேஜையில் இருப்பவரிடம் கேட்டால் படம் எடுக்க விடுவார்கள், படிக்கிறவர்கள் முகம் விழக்கூடாது. கேட்காமல் போனைத் தூக்கக் கூடாது. கோயில் படிகளுக்கு மாதிரி என்று ரசிகர்கள் சொல்லும் கெத்தா வாகாமியா கோயில் கொஞ்சம் நடை. ஏப்ரல் 19, 20 தேதிகளில் இந்த ஊர்த் திருவிழா இந்தக் கோயிலுக்குத்தான் நடக்கும். அரைகுறையாய் உடுத்த ஆண்கள் பெரிய முரசைச் சுமந்துகொண்டு இரவெல்லாம் தெருவில் முட்டிமோதுவார்கள். அது ஷின்காய் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நடப்பது. ஊருக்கு நடுவே வெள்ளைச் சுவர்க் கிடங்குகளை ஒட்டி ஒரு வாய்க்கால், அதில் கெண்டை மீன்கள். குளிர்காலம் வருமுன் மீன்களையெல்லாம் அள்ளி ஒரு குளத்துக்கு மாற்றி, ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஜனவரியில் போய்விட்டு மீனைக் காணோம் என்று கேட்காதீர்கள். சாதத்தை மசித்துக் குச்சியில் பிடித்து, இனிப்பும் உப்புமான விழுது தடவிச் சுட்டுத் தரும் கோஹெய்மோச்சி, சாயங்காலப் பசிக்கு நல்லது.

போட்டோ எடுத்த பிறகு என்ன செய்வாய் என்ற கேள்விக்கு இந்த ஊர் ஒரு ராத்திரி தங்கும் அளவுக்குப் பதில் வைத்திருக்கிறது. பகல் ரயிலில் வந்து பகல் ரயிலில் ஓடுகிறவர்கள் கொடுத்த காசில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஓஅராய். டோக்கியோவுக்கு வடகிழக்கே இபாராகி மாகாணத்தில் கடலோர ஊர். உயேனோவிலிருந்து விரைவு ரயிலில் மிதோ வரை ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து இன்னொரு பாதையில் கால் மணி நேரம். 2012இல் 'கேர்ள்ஸ் உண்ட் பான்ட்ஸர்' வந்தது. பள்ளிப் பெண்கள் விளையாட்டுப் போட்டியாகப் பீரங்கி வண்டி ஓட்டுகிற, சொன்னால் யாரும் நம்பாத கதை. அதற்கு முந்தைய வருடம்தான் 2011 சுனாமி இந்த ஊரை அடித்திருந்தது, சுற்றுலா படுத்திருந்தது. தொடரில் பீரங்கிகள் இதே ஊர்த் தெருவில் சண்டை போட்டு ஒரு விடுதிக்குள் மோதும். நிஜமாகவே இருக்கும் விடுதி அது. அந்தத் தொடரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊர் எழுந்தது. கடைக்கு ஒரு பெண் பாத்திரத்தின் ஆளுயரப் படம் வைத்திருக்கிறார்கள். அரிசிக் கடைக்கு ஒருத்தி, துணிக் கடைக்கு ஒருத்தி. மழை வந்தால் கடைக்காரம்மா முதலில் உள்ளே தூக்கி வைப்பது அவளைத்தான். "எங்க வீட்டுப் பொண்ணு" என்றுதான் பேச்சு. ரசிகர்களும் வந்தால் சும்மா போவதில்லை. சாமான் வாங்குகிறார்கள், நவம்பரில் ஆன்கோ மீன் திருவிழாவுக்குத் திரும்ப வருகிறார்கள். மாவு உருண்டை மேல் இனிப்புச் சாறும் சோயாப் பொடியும் போட்டுத் தரும் மித்சுதாங்கோ சாப்பிடலாம்.

வரவேற்பு என்று பார்த்தால் முதல் மதிப்பெண் ஓஅராய்க்குத்தான். கமகுராவில் ரசிகன் தொல்லை, இங்கே மாப்பிள்ளை. ஆனால் அந்தத் தொடரைப் பார்க்காமல் போனால் பாதி சுவை போய்விடும், அக்கா மகன் பார்க்கவில்லை. போதாததற்கு அவனுக்கு விமானம் மேற்கே, இது கிழக்கே. பரிதாபமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

பட்டியலில் கடைசியில், அவனே பாதி மனதாக எழுதியிருந்தது தொயோசாதோ. பிவா ஏரிக்குக் கிழக்கே, ஷிகா மாகாணத்தில் வயல்காட்டு ஊர். 2009இல் வந்த 'கே-ஆன்' தொடரில் ஐந்து பெண்கள் பாட்டுக் குழு வைத்துக்கொண்டு, பாடுவதை விட அதிகமாக டீ குடித்துக்கொண்டிருப்பார்களே, அந்தப் பள்ளிக்கூடம். நிஜத்தில் அது ஒரு தொடக்கப் பள்ளி. 1937இல், வில்லியம் மெரல் வோரிஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வரைந்தது. ஊர்க்காரரும் மாருபெனி வணிக நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவருமான ஃபுருகாவா தெத்சுஜிரோ பணம் கொடுத்துக் கட்டியது. கிராமத்துப் பள்ளிக்கு அந்தக் காலத்திலேயே மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை இடிக்கப் பார்த்தார்கள், ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போனது, பழையது தப்பியது. தப்பியதால்தான் அனிமேக்குள் வந்தது.

உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. காலணியைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு ஏறலாம். மாடிப்படிக் கைப்பிடியைப் பாருங்கள். அடியில் ஒரு வெண்கல முயலும் ஆமையும் பந்தயத்துக்குத் தயாராக நிற்கும். கொஞ்சம் ஏறினால் முயல் முந்திப் போகும். இன்னும் ஏறினால் முயல் படுத்துத் தூங்கும், ஆமை நகர்ந்துகொண்டே இருக்கும். உச்சியில் ஆமை மட்டும். பணம் கொடுத்த ஃபுருகாவாவுக்குச் சிறுவயதில் ஆசிரியர் சொன்ன கதை என்பார்கள். ஆமையின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று, பக்கத்துச் சுவரை விடக் குளிர்ச்சியாக இருந்தது. எத்தனை வருடத்துப் பிள்ளைகளின் கை பட்டுத் தேய்ந்ததோ. அதன் மேல் எங்கள் கை ஒரு பதினைந்து வருடப் படலம், அவ்வளவுதான்.

மூன்றாம் மாடியில் அவர்களுடைய சங்க அறை. மேஜைகளைத் தொடரில் போலவே சேர்த்துப் போட்டு, கோப்பைகளை எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் போனபோது ஒரு நடுத்தர வயதுக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிடார் கொண்டுவந்திருந்தார், வாசிக்கவில்லை. இந்தத் தொடரை எடுத்த கியோத்தோ அனிமேஷனின் ஸ்டூடியோவுக்கு 2019 ஜூலையில் ஒருவன் தீ வைத்தான், 36 பேர் இறந்தார்கள். அதன்பின் இந்த அறைக்கு வருகிறவர்களில் சிலர் படம் எடுக்க மட்டும் வருவதில்லை. அவர் எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. நான் வந்ததைப் பார்த்து, எழுந்து, நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, "உட்காருங்கள்" என்று கை காட்டிவிட்டுப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. மாய்பாராவில் ஷின்கான்சென்னை விட்டு ஓமி ரயில்வேக்கு மாற வேண்டும். அது மணிக்கு ஒன்று இரண்டு என்று சாவகாசமாக வரும். ஒன்றைத் தவற விட்டு, காகம் கூட இல்லாத நடைமேடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு ஊரில் பெரிதாக ஒன்றும் கிடையாது, கையில் ஏதாவது கொண்டுபோவது புத்திசாலித்தனம். பள்ளியைச் சுற்றித் தெரு முனைகளில், வண்டி ஓட்டிகளை எச்சரிக்க வைத்திருக்கும் குழந்தைப் பலகைகளைக் கே-ஆன் பெண்கள் சாயலில் செய்திருப்பார்கள். அவற்றைத் தேடிக்கொண்டு நடந்தால் காத்திருக்கும் நேரம் போவதே தெரியாது.

மிச்சம் இருந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாகுஷிமா தீவின் பாசிக் காடு 'பிரின்சஸ் மோனோனோகே'வுக்குத் தூண்டுதல் என்பது உண்மைதான், ஆனால் அது தெற்கே வெகு தூரத்தில், மழை கொட்டும் தீவு. அதற்கே தனியாக மூன்று நாள் வேண்டும். 'ஸ்பிரிட்டட் அவே' ஊர் என்று தைவானில் இருக்கும் ஜியுஃபெனையும் எழுதியிருந்தான். அது தன் படத்துக்கு மாதிரி இல்லை என்று இயக்குநர் மியாசாகியே சொல்லிவிட்டார், வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் படத்தின் மேல் ஆசை இருந்தால் டோக்கியோவிலேயே கொகானேய் பூங்காவுக்குள் பழைய கட்டடங்களின் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழைய எழுதுபொருள் கடை ஒன்று, சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். கொதிகலன் அறையில் கமாஜி தாத்தா ஆறு கையால் இழுத்து இழுத்து மூடுவாரே, அந்த இழுப்பறைகள் இங்கிருந்து போனவை. 400 யென். இதுவும் திங்கட்கிழமை மூடியிருக்கும், சொல்லிவிட்டேன்.

ஆக, அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. படிக்கட்டு ஒரு வார நாள் மாலை, பூங்காவும் இழுப்பறைக் கடையும் நடுவில் வரும் ஞாயிறு. விடுப்பின் முதல் நாள் காலை டோக்கியோவை விட்டுக் கிளம்பி நகோயா வழியாக ஃபுருகாவா, ராத்திரி அங்கேயே. இரண்டாம் நாள் காலை நூலகம், கோயில், வாய்க்கால். மதிய ரயிலில் நகோயா திரும்பி, ஷின்கான்சென்னில் அரை மணி நேரத்தில் மாய்பாரா, பக்கத்து ஊரான ஹிகோனேயில் தங்கல். மூன்றாம் நாள் காலை தொயோசாதோ பள்ளி, மதியம் கியோத்தோ, மாலை விமான நிலையம். ஃபுருகாவாவுக்குப் போய் வருவதைத் தவிர எல்லாமே மேற்கு நோக்கி ஒரே திசையில் போகிறது, ஒரு முறை கூட வந்த வழியே டோக்கியோவுக்குத் திரும்ப வேண்டாம். ரயில் செலவு முழுக்கக் கூட்டினாலும் அந்த 50,000 யென் பாஸை விடக் குறைவுதான். விமானம் டோக்கியோவிலிருந்தே என்றால் நான் தொயோசாதோவை எடுத்துவிட்டு ஓஅராயை வைத்திருப்பேன், அதற்கு முன் அந்தத் தொடரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

பதில் உடனே வந்தது. "மாமா, கமகுரா இல்லையா? ஃப்ரெண்ட்ஸ்லாம் கேப்பானுங்க." பயிற்சி நாள் ஒன்றில் காலை நாலரைக்கு எழுந்து போய்விட்டு ஒன்பதரைக்கு அலுவலகம் வந்து சேர முடியும், ரயில் நேரம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அரை நாள் சத்தமில்லை. அப்புறம், "ஸ்கூலுக்கே போலாம் மாமா" என்று அனுப்பினான்.

ராத்திரி அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏண்டா, அவ்வளவு தூரம் வந்து பள்ளிக்கூடம் பாக்கப் போறானாமே? இங்க படிக்கிறப்ப திங்கக்கிழமையானா வயித்து வலின்னு படுத்துக்குவான், தெரியுமா உனக்கு?"